பைக் ஓட்ட எந்தக் கூலிங் கிளாஸ் நல்லது?
சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி பைக்கில் போகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கோரிமேடு வரை வெயில் கண்ணைக் கூசுகிறது, அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆரம்பித்தால் மர நிழல், அங்கே கறுப்புக் கண்ணாடியோடு போனால் ரோட்டோரம் சிதறிக் கிடக்கும் ஜல்லியே தெரிவதில்லை. பளபளப்பால் வரும் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி வாங்கலாம்தான், ஆனால் டிஜிட்டல் மீட்டர் சில கோணத்தில் இருண்டு தெரியும், ஈர ரோட்டின் பளபளப்பும் மறைந்துவிடும், மலையில் அதுதானே எச்சரிக்கை. வெயிலுக்கு நிறம் மாறும் லென்ஸும் சரிவராது, ஹெல்மெட் வைசரே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் உள்ளே அது சரியாகக் கறுக்காது. அப்புறம் என்னுடையது ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், காதுக் கம்பி தடித்திருந்தால் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று வலிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி 400, எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ், வெளிர் பிரவுன், மெல்லிய கம்பி, இதில் பவர் போட்டுத் தரும் கடை சேலத்தில் எங்கே இருக்கிறது? பட்ஜெட் 2,000 ரூபாய். ஆன்லைன் வேண்டாம், ஹெல்மெட்டோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.