பந்திப்பூரில் புலியைப் படமெடுத்தல்: லென்ஸும் பாதுகாப்பும்

காட்பாடிவாசி:
வணக்கம். இதுவரை அமிர்தி உயிரியல் பூங்காவிலும் சவ்வாது மலையிலும் மட்டுமே படமெடுத்துள்ளேன். மே விடுமுறையில் மனைவியுடனும் எட்டு வயது மகனுடனும் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குச் சஃபாரி செல்ல எண்ணுகிறேன். கையில் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் மட்டுமே உள்ளது, அது போதுமா? புலி வண்டிக்கு அருகில் வந்துவிட்டால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

குடியாத்தத்தார்:
தாராளமாகப் போதும். அக்காட்டில் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதால், புலி தொலைவில் தெரிவதைவிடப் பாதையோரப் புதரிலிருந்து திடீரென வெளிப்படுவதே மிகுதி. தொலைவில் உள்ளதை மிகப் பெரிதாகக் காட்டும் 600 மி.மீ. லென்ஸுடன் சென்ற நான், அப்படி வந்த புலியின் ஒரு காதையும் அரை முகத்தையும் மட்டுமே எடுத்துத் திரும்பினேன். கோடை மழை தாமதமானால் குட்டைகள் வற்றிவிடும். எனவே நீர் எஞ்சியுள்ள இடத்தில் காத்திருப்பது நல்லது. விடியற்காலையில் வெளிச்சம் குறைவு என்பதால் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறனை) 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். ஷட்டர் வேகத்தை நிற்கும் புலிக்கு 1/500 நொடியாகவும் நடக்கும் புலிக்கு 1/1000 நொடியாகவும் வைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். வண்டியில் முக்காலிக்கு இடமிராது. அரிசி நிரப்பிய துணிப்பையைக் வண்டியின் பக்கக் கம்பியின்மேல் வைத்து லென்ஸைத் தாங்கலாம். ஆம்பூர்ப் பிரியாணிக்கான சீரகச் சம்பாவை அதற்கு வீணாக்க வேண்டாம்! ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அந்த அதிர்விலேயே பல படங்கள் கலங்கிவிடும்.

வாணியம்பாடி நண்பர்:
பாதுகாப்பைப் பற்றி நான் கூறுகிறேன். சஃபாரி வண்டிகளுக்குப் பழகிய புலி, வண்டியையும் அதிலிருப்போரையும் ஒரே உருவமாகக் கண்டு பெரும்பாலும் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். எவரேனும் எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ, கீழே இறங்கினாலோ அந்த உருவம் கலைந்துவிடுகிறது. லென்ஸ் மூடியே விழுந்தாலும் இறங்கக் கூடாது. காதுகளைப் பின்னுக்கு மடக்கி, வாலை அடித்து, உறுமினால் அது எச்சரிக்கை. குட்டிகளுடன் இருக்கும் தாய்ப்புலி அதற்கும் முன்பே சினங்கொள்ளும். அப்போது படத்தை மறந்து, வண்டியை மெல்லப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். புலி செல்லும் வழியை மறிப்பதும் ஃபிளாஷ் அடிப்பதும் கூடவே கூடாது. கடமான் விடாமல் அபாயக் குரல் கொடுத்தால் புலி அருகில் இருக்கலாம்; மகனைப் பேசாதிருக்கச் சொல்லிவிட்டு, கேமராவை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடிவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. மகனை எங்கள் இருவருக்கும் நடுவே அமர்த்திக்கொள்கிறேன். பை தைக்கத் துணி எடுத்தாயிற்று. ரேஷன் அரிசியே நிரப்பப்போகிறேன்.