பரிசீலகரின் கேள்விகள் வந்துவிட்டன: எப்படிப் பதில் எழுதுவது?

வடமேற்கு லண்டன் வாசி:
வணக்கம். எங்கள் வட்டாரத்துக்கான நெய்பர்ஹுட் பிளான் (நிலப் பயன்பாட்டுக்கும் கட்டுமானத்துக்கும் வட்டார மக்களே வகுக்கும் திட்டம்), 16ஆம் விதிப்படி கவுன்சில் நடத்தும் ஆறு வாரக் கருத்துக்கேட்பு முடிந்து, அதைச் சோதிக்கும் சுயேச்சைப் பரிசீலகரின் கைக்குப் போயிருக்கிறது. இங்கே பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி போன்ற அமைப்பு) கிடையாது. குடியிருப்பாளர் மன்றம்தான் திட்டத்தைத் தயாரித்தது. செயலாளர் யாழ்ப்பாணம் போயிருப்பதால் கடிதப் போக்குவரத்து என் தலையில் விழுந்துவிட்டது.

பரிசீலகரின் கேள்விகள் மூன்று. கராஜ்களுக்குப் பின்னாலுள்ள முக்கோணப் புல்வெளியை லோக்கல் கிரீன் ஸ்பேஸ், அதாவது பாதுகாக்கப்பட்ட உள்ளூர்ப் பசுமை இடம், ஆக்க என்ன ஆதாரம்? 'உயர்தர வடிவமைப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள்? பஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் கொள்கை எப்படி இதற்குள் வந்தது? போதாததற்கு, நில உரிமையாளரின் ஆலோசகர் தடித்த ஆட்சேப மனு ஒன்றை அனுப்பியிருக்கிறார். தங்களிடம் யாருமே கலந்தாலோசிக்கவில்லையாம். அதற்கு வரிக்கு வரி மறுப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். புதிதாகக் கையெழுத்து வாங்கி இணைக்கலாமா? நேரடி விசாரணை வைத்தால் வக்கீல் வேண்டுமா?

ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்:
தம்பி, முதலில் அந்த மறுப்பை ஓரமாக வையுங்கள். யார் சொல்வது நியாயம் என்று பரிசீலகர் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் பார்ப்பது அடிப்படை நிபந்தனைகளை: தேசியக் கொள்கையைக் கருத்தில் கொண்டிருக்கிறீர்களா, நீடித்த வளர்ச்சிக்கு உதவுகிறதா, கவுன்சிலின் மூலோபாயக் கொள்கைகளோடு பொதுவாக ஒத்துப்போகிறதா, சுற்றுச்சூழல் சட்டக் கடமைகளை மீறாமல் இருக்கிறதா. லண்டன் என்பதால் நகர் முழுவதற்குமான 2021 லண்டன் பிளானையும் சேர்த்துப் பார்ப்பார். திட்டம் இன்னும் சிறப்பாக இருந்திருக்கலாமே என்பது அவர் வேலையே இல்லை. ஆட்சேபத்தில் எந்த வரி இந்த நிபந்தனைகளைத் தொடுகிறதோ அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்; மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

புல்வெளிக்குத் தேசியக் கொள்கையிலேயே அளவுகோல் இருக்கிறது. மக்கள் வாழுமிடத்துக்கு அருகில் இருக்க வேண்டும், அவர்களுக்குத் தனிச்சிறப்பானது என்று காட்ட வேண்டும், பரந்த நிலப்பரப்பாக இருக்கக் கூடாது. பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது அந்த இரண்டாவதில்தான். 'எல்லோரும் விரும்பும் இடம்' என்று எழுதினால் எடுபடாது. யார், எதற்காக, எப்போதிலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். கையெழுத்து வேட்டை வேண்டாம். இந்தக் கட்டத்தில் கனமான புதிய ஆதாரத்தை நுழைத்தால், அதற்கும் மற்றவர்களின் கருத்தைக் கேட்க வேண்டிவந்து வேலை இழுத்தடிக்கும்.

கிழக்கு லண்டன், மன்ற உறுப்பினர்:
பஸ் கொள்கையைக் காப்பாற்றப் பாடுபடாதீர்கள். நிலப் பயன்பாட்டையும் கட்டுமானத்தையும் பற்றியது மட்டுமே திட்டக் கொள்கையாக நிற்கும். எங்கள் திட்டத்தில் நடைபாதைப் பழுது, குப்பை அகற்றல் எல்லாம் கொள்கைகளாக இருந்தன. பரிசீலகர் அவற்றைச் சமூக விருப்பங்கள் என்ற பின்னிணைப்புக்கு மாற்றச் சொன்னார். நீங்களே அதை முன்வந்து சொல்லிவிட்டால் நல்லது.

'உயர்தர வடிவமைப்பு' வேறு கதை. கட்டட அனுமதி விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் அலுவலர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கூரைச் சாய்வு, செங்கல் நிறம், முன்வேலியின் உயரம் என்று உங்கள் தெருக்களில் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதி, மாற்று வாசகமாகவே கொடுங்கள். இல்லாவிட்டால் அவரே திருத்துவார், அல்லது நீக்கச் சொல்வார். அது தோல்வி அல்ல. திருத்தங்களோடு வட்டார மக்களின் வாக்கெடுப்புக்குப் போவதுதான் வழக்கமாக நடப்பது.

வடமேற்கு லண்டன் வாசி:
இருவருக்கும் நன்றி. பெட்டியைக் கிளறியதில், வரைவுத் திட்டத்துக்கு மன்றமே முன்பு நடத்திய 14ஆம் விதிக் கருத்துக்கேட்பின்போது நில உரிமையாளருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் பதிவுத் தபால் ரசீதும் கிடைத்தன. யாரிடம் எப்படிக் கருத்துக் கேட்டோம் என்று திட்டத்தோடு கொடுத்த கலந்தாலோசனை அறிக்கையின் இணைப்பில் அவை இல்லை. இப்போது கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்:
தாராளமாக. அது புதிய வாதம் அல்ல, அவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டுக்கு நேரான பதில். கடிதத்தின் தேதியைச் சொல்லி, இரண்டே வரியில் முடித்துவிடுங்கள். பரிசீலகருக்கு நேராக அனுப்பாதீர்கள். கவுன்சில் அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும். பதில்கள் பொதுப் பார்வைக்கு வரும் என்பதால் தனிநபர் முகவரி, கையெழுத்துகளை மறைத்துவிடுங்கள்.

வக்கீல் தேவையில்லை. பெரும்பாலும் எழுத்து வடிவிலேயே முடிந்துவிடும். ஒரு விஷயத்தை முழுமையாக ஆராயவோ, ஒருவர் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்கவோ தேவைப்பட்டால்தான் விசாரணை வைப்பார். அப்போதும் யாரிடம் எதைக் கேட்பது என்பதை அவரே முடிவு செய்வார்.

கிழக்கு லண்டன், மன்ற உறுப்பினர்:
இன்னொன்று. மன்றத்துக்குக் கவுன்சில் தரும் அங்கீகாரம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். உங்களுடையது எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். நெருங்கியிருந்தால் புதுப்பிப்பது பற்றிக் கவுன்சில் அலுவலரிடம் உடனே பேசுங்கள்.

வடமேற்கு லண்டன் வாசி:
பார்த்தேன், வருகிற மார்ச்சில் முடிகிறது. திங்கட்கிழமை அலுவலரைக் கூப்பிடுகிறேன்.