கதவுக்கு வேண்டிய ஆணிகள்

போர் முடிந்து, 2010இல் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வன்னியிலுள்ள எங்கள் ஊரான விசுவமடுவுக்குத் திரும்பினோம். முகாமில் இருந்தபோதே ஒரு பொருத்தனை செய்திருந்தேன். பிள்ளைகளோடு உயிருடன் ஊர் போய்ச் சேர்ந்தால், எங்கள் காணியில் என் கையாலேயே ஒரு ஜெபவீடு கட்டுவேன் என்று. நான் மேசன். போதகரிடம் சொன்னேன். "நல்ல எண்ணம் அண்ணை, செய்யுங்கள்" என்றார். அன்றே முளை அடித்து, கயிறு கட்டி, அத்திவாரத்துக்கு அளவு போட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை அவர் மறுபடியும் வந்தார். சைக்கிளை உள்ளே கொண்டுவராமல் படலையிலேயே நின்றார். வயதானவர்கள் நடந்து வர வசதியாக வீதிக்கு அருகில் கட்டுவதென்று சபையார் முடிவெடுத்திருந்தார்கள். ஜெபித்தபோது தனக்கும் அதுவே தேவசித்தமாகப் பட்டது என்றார். வேலைக்குப் பொறுப்பு, என்னிடம் தொழில் பழகிய ஒரு தம்பி.

இரண்டு ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. கேட்டது எனக்காகவா, உமக்காகத்தானே என்று கர்த்தரோடு வழக்காடினேன்.

இரண்டாம் சாமுவேல் ஏழாம் அதிகாரத்தை அதற்கு முன்னும் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆலயம் கட்ட வேண்டும் என்ற தாவீதிடம் முதலில் "செய்யும்" என்று சொன்னவர் நாத்தான் தீர்க்கதரிசி. அன்று இரவே கர்த்தருடைய வார்த்தை வேறாக வந்தது. சொன்ன அதே வாயால் அவர் போய் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. போதகர் படலையில் தயங்கி நின்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தாவீது வாதாடவில்லை. உள்ளே போய்க் கர்த்தருடைய சமுகத்தில் இருந்து, "நான் எம்மாத்திரம், என் வீடும் எம்மாத்திரம்" என்றான். அவன் கட்டக்கூடாது என்பதற்குக் காரணம் முதலாம் நாளாகமம் 22இல் இருக்கிறது: நீ மிகுதியான இரத்தத்தைச் சிந்தினாய். வன்னியில் இருந்துகொண்டு அந்த வசனத்தை விரைந்து கடந்து போக முடியாது. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இழந்த உயிர்களைக் கடவுள் சொன்ன 'இல்லை' என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அது மனிதர் செய்தது. நான் பேசுவது என் திட்டத்தைப் பற்றி மட்டும்தான்.

அதே அதிகாரத்தில்தான், தான் கட்டப்போகாத ஆலயத்துக்காகத் தாவீது கல், கேதுரு மரம், வெண்கலம் எல்லாம் சேர்த்து வைக்கிறான். கதவுகளுக்கான ஆணிகளுக்கு இரும்பும் சேர்க்கிறான். சாலொமோன் பின்னர் ஏழு வருடம் கட்டிய அந்த ஆலயம் எழுந்ததும் தாவீது காசு கொடுத்து வாங்கிய ஒரு களத்தில்தான். நாங்கள் சூடடிப்போமே, அப்படியொரு களம்.

எங்கள் பழைய வீட்டின் எரிந்த பனஞ்சிலாகைகள் முற்றத்தில் கிடந்தன. அவற்றிலிருந்து ஆணிகளைக் கழற்றி, உடைந்த அம்மியில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மெதுவாகத் தட்ட வேண்டும். நெருப்புப் பட்ட ஆணி அவசரப்பட்டால் முறிந்துவிடும். ஒரு பால்மா டின் நிறைய மூன்று நாள் ஆனது. முளைகளையும் பிடுங்கினேன்.

டின்னை அந்தத் தம்பியிடம் கொடுத்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவே பயந்தான். பிறகு, "அண்ணை, நிலைக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்டான். பிடித்தேன். நூல் ஆடி நிற்கும்வரை இருவரும் பேசாமல் நின்றோம்.

*

மடு வீதியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஆணி டின் கதையை வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன், அண்ணா. நான் கன்னியாஸ்திரியாக வேண்டும் என்று மடத்தில் சேர்ந்தவள். ஒரு வருடத்துக்குப் பின், உனக்கு இந்த அழைத்தல் இல்லை, வீட்டுக்குப் போ மகளே என்றார்கள். 2008 ஏப்ரலில் போரினால் மடுக் கோவில் மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததை அம்மா நினைவூட்டினார். "அந்தத் தாயே சொன்ன இடத்துக்குப் போனா, பிள்ளை" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதலாக இருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் மடு வளவில் யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன். என்னோடு மடத்தில் சேர்ந்தவள் வெள்ளை உடுப்போடு வந்து போத்தலை நீட்டுவாள். முதல் வருடம் என் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் நிலத்தில் ஊற்றுண்டது. போன வருடம் வாய்வரை நிரப்பிக் கொடுத்தேன். "இன்னும் இரண்டு போத்தல் இருக்கிறது" என்றாள். அவற்றையும் வாங்கி நிரப்பினேன்.