மேடு ஏறும்போது மட்டும் மின்சார சைக்கிள் அணைந்துவிடுகிறது: பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். 36 வோல்ட் பேட்டரியும் பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டாரும் உள்ள மின்சார சைக்கிளில் மூன்று ஆண்டுகளாக வேலைக்குச் சென்று வருகிறேன். சமதரையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சென்ற மழைக்காலத்திற்குப் பிறகு, பல்லாவரம் மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் டிஸ்ப்ளேயும் மோட்டாரும் ஒன்றாக அணைந்துவிடுகின்றன. சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் மீண்டும் இயங்குகிறது. சார்ஜும் மூன்று கோடு இருப்பதாகக் காட்டுகிறது. வாங்கிய கடையில் சோதித்துப் பார்க்காமலேயே புதிய பேட்டரி போடச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் செலவழிக்கும் முன் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடை. பிரேக் பிடியில் உள்ள சுவிட்சோ பெடல் சென்சாரோ பழுதானால் மோட்டார் மட்டும்தான் நிற்கும், டிஸ்ப்ளே எரிந்துகொண்டே இருக்கும். எனவே மின்சாரம் வரும் வழியிலேயே தடை இருக்கிறது. முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இந்த பேட்டரியில் பத்து செல் வரிசைகள் இருக்கும், வரிசைக்கு 4.2 வீதம் 42 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தும் 40-ஐத் தாண்டவில்லை என்றால், சார்ஜரின் வோல்ட்டையும் தனியே அளந்துவிட்டு, அது சரியாக இருந்தால் ஒரு வரிசை தளர்ந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். மேட்டில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒரு வரிசை மட்டும் சட்டென்று தாழ்ந்தாலும், உள்ளிருக்கும் பாதுகாப்புப் பலகை மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும்.

மறுமொழி 2:
அதற்கும் முன்னால் பேட்டரியைக் கழற்றி, அது உட்காரும் அடித்தட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு இதே தொல்லை வந்தபோது, பித்தளைப் பற்கள் இரண்டில் ஒன்று கரிந்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது. பச்சைக் களிம்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். கரிந்திருந்தால் தேய்த்துச் சமாளிக்காமல் அடித்தட்டையே மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 3:
ஒரு வேண்டுகோள். பாதுகாப்புப் பலகையைத் தவிர்த்து நேரடியாக ஒயர் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தளர்ந்த லித்தியம் செல்லை அப்படி வற்றவிட்டு மறுபடி சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மழையில் நனைந்த பேட்டரியை நன்றாக உலர்த்திய பிறகே சார்ஜில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அளந்ததில் 41.6 வோல்ட் காட்டியது. அடித்தட்டில் நேர்முனைப் பல் கறுத்திருந்தது. புதிய அடித்தட்டு போட்டு நான்கு நாட்களாக மேம்பாலம் ஏறுகிறேன், ஒருமுறைகூட அணையவில்லை.