செட்டாப் பாக்ஸ் படத்தைக் கணினியில் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

உறையூர்:

பல வருஷமாக மனதில் கிடப்பதால் எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த நேரம். ஹாலில் இருக்கும் டிவியை அவர் அறைக்கு நகர்த்த முடியாது. அங்கே ஒரு பழைய கணினியும், கணினியில் டிவி பார்க்க உதவும் ட்யூனர் கார்டும் இருந்தன. அனலாக் காலத்தில் கேபிளை நேராகக் கார்டில் செருகினால் போதும், படம் வந்துவிடும். 2017-இல் எங்கள் தெருவில் அது நின்றது. பாக்ஸ் வாங்கி, படத்துக்கான மஞ்சள் வயரைக் கார்டிலும் சத்தத்துக்கான சிவப்பு, வெள்ளை இரண்டையும் ஓர் அடாப்டர் போட்டுக் கணினியின் நீல நிறத் துளையிலும் செருகினேன். படம் வந்தது, சத்தமும் வந்தது. ஏதோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தேன். நடுவில் டிசம்பர் 29, வைகுண்ட ஏகாதசி. நடக்க முடிந்த வரைக்கும் அப்பா ஒரு வருஷம் விடாமல் ஸ்ரீரங்கம் போனவர். அன்று விடியற்காலையில் நேரடி ஒளிபரப்பில் பரமபத வாசல் திறப்பதைப் பார்த்திருக்கிறார். "நல்லா தெரிஞ்சுதுப்பா. இந்த வருஷம் கலர்ல போடல போல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணினியைப் போட்டேன். செய்தி, சமையல், பாட்டு எல்லாமே கறுப்பு வெள்ளை.

மென்பொருளில் பட முறை, அதாவது நிறத்தைச் சிக்னலில் அனுப்பும் முறை, செகாம் என்று இருந்திருக்கிறது. நம் ஊருக்குப் பி.ஏ.எல். வேண்டும். இரண்டிலும் 625 வரிதான், அதனால் படம் உருளாமல் ஒழுங்காக நிற்கும், நிறம் மட்டும் வராது. உற்சவர் நம்பெருமாள் ரத்தினக் கல் பதித்த ரத்தினாங்கியில் வருவதை அப்பா சாம்பல் நிறத்தில் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சொல்கிறார். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே நான்.

கோவில்பட்டி:

உறையூர் அண்ணாவுக்குப் பாக்ஸிலிருந்து மஞ்சள் வயரில் வந்தது அனலாக் படம். நான் முயன்றது நேர் டிஜிட்டல். கேபிளில் வருவது டிவிபி-சி என்ற டிஜிட்டல் கேபிள் முறை அலைதானே, அதற்கென்றே யூ.எஸ்.பி. குச்சி இருக்கிறதே, பாக்ஸ் எதற்கு என்று நினைத்து ஒன்று வாங்கினேன். தேடவிட்டேன். ஒவ்வொரு அலைவரிசைப் பெயராகப் பட்டியலில் ஏறிக்கொண்டே போனது. நூற்றுக்கணக்கில். எவ்வளவு சந்தோஷம்! ஒன்றைச் சொடுக்கினேன், கறுப்புத் திரை. அடுத்தது, கறுப்பு. எல்லாவற்றின் பக்கத்திலும் சின்னப் பூட்டுப் படம்.

இரவு பதினொன்று வரை ஒவ்வொன்றாகச் சொடுக்கினேன். கடைசியில் ஒன்றே ஒன்று திறந்தது, எங்கள் கேபிள்காரரின் உள்ளூர் சேனல். நகைக்கடை விளம்பரம் போய்க் கண்ணீர் அஞ்சலி வந்தது. மாலை போட்ட படம். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. வேறு எந்த சேனல் திறந்திருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இது தெரியாமலே போயிருக்கும்.

கேபிள் லைன்மேன், 18 வருஷம்:

கோவில்பட்டி தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். உள்ளூர் சேனலும் பூட்டித்தான் வர வேண்டும், சட்டம் அப்படி. உங்கள் ஊரில் ஹெட்எண்டில், அதாவது சேனல்களைச் சேர்த்துக் கேபிளில் அனுப்பும் இடத்தில், யாரோ பூட்டாமல் விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து எல்லோரும் குச்சி வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். குச்சியும் கார்டும் அலையைப் பிடிக்கும், சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்குத்தான் ஹெட்எண்டிலிருந்து அனுமதி போகும். உறையூர்க்காரருக்கு நிறம் போனது மஞ்சள் வயர் தளர்ந்ததால்கூட இருக்கலாம், அதையும் பார்த்திருக்க வேண்டும்.

என் அனுபவம் இரண்டு வரிதான். ஒரு வீட்டில் கேபிளைக் கணினியில் செருகி வைத்திருந்தார்கள். மழை நாளில் இடி விழுந்து கார்டு, மதர்போர்டு, பக்கத்தில் இருந்த மோடம் மூன்றும் போயின. அந்தப் பையன் பரீட்சைக்கு எழுதிய புராஜெக்ட் அதில் இருந்தது. என்னைத்தான் பார்த்தான். நான் என்ன சொல்வது?

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பல ஊர்களில் மின்சாரமே அந்தக் கேபிளில்தான் போகிறது. வீட்டுக்குள் வராமல் தடுக்கும் உருப்படி கெட்டால் கேபிளில் ஷாக் அடிக்கும். கணினியில் செருகும் முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். கணினிக்கு எர்த் சரியாக இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் நிற்காமல் வரும். எல்லோரும் பாக்ஸ் கெட்டுப்போச்சு என்று எங்களைக் கூப்பிடுவார்கள், கோளாறு எர்த்தில் இருக்கும். டிவிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று நீங்களாக ஸ்ப்ளிட்டர் போடாதீர்கள். இரண்டாகப் பிரித்தாலே பாதி சிக்னல் போய்விடும், மூன்றரை டெசிபல். அனலாக்கில் புள்ளி புள்ளியாக மழை பெய்தாலும் முகம் தெரியும். டிஜிட்டலில் நன்றாக இருக்கும், இருக்கும், திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். வயரை முறுக்கி டேப் சுற்றுவதும் கூடாது. கனெக்டர் போட்டு இறுக்குங்கள். மழைக்கு முன் கழற்றி வையுங்கள். பாக்ஸை அணைத்தால் மட்டும் போதாது, கேபிளையே கழற்ற வேண்டும்.

தாராபுரம்:

இடி, எர்த் பற்றி எனக்குத் தெரியாது. 2020 ஊரடங்கில் என் மகள் பத்தாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரத்தில் மாமனாருக்கு டிவி வேண்டும். சரி, பதிவு செய்து பிறகு பார்க்கலாம் என்று பாக்ஸிலிருந்து கணினிக்குப் படம் எடுக்கும் மலிவான யூ.எஸ்.பி. வயர் ஒன்று வாங்கினேன். வி.எல்.சி. என்ற மென்பொருளில் படம் வந்துவிட்டது. சத்தத்துக்கும் தனியாகக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் மாற்றாததால் அது வெப் கேமராவின் மைக்கை எடுத்துக்கொண்டது.

இரவு போட்டுப் பார்த்தேன். ஆசிரியர் கரும்பலகையில் வேதியியல் சமன்பாடு எழுதுகிறார், வாய் அசைகிறது. கேட்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சத்தம். குக்கர் விசில், தெருவில் கீரைக்காரம்மா. நடுவில் மகள் குரல். மைக் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் தனக்குத்தானே சொல்கிறாள்: "எனக்கு ஒண்ணுமே புரியல. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க."

மறுநாளே அவளோடு உட்கார்ந்துவிட்டேன். வேதியியல் எனக்கும் வராது, இரண்டு பேருமாகப் படித்தோம். அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது. அவளுக்கு இதுவரை தெரியாது.

எடிசன், நியூ ஜெர்சி:

இங்கே வேறு முறை. பாக்ஸ் இல்லாமலே கணினியில் பார்க்க வழி இருந்தது. கேபிள்கார்டு என்று உள்ளங்கையளவு அட்டை, அப்போது கேபிள் நிறுவனமே தரும். அதை ட்யூனரில் செருகிவிட்டு போனில் எண்களை வாசித்தால் அந்தப் பக்கம் பூட்டைத் திறந்துவிடுவார்கள். மூன்று நான்கு சேனலை ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். லைன்மேன் ஐயா சொன்ன சாவியைக் கையில் கொடுத்துவிடுகிற மாதிரி. கேபிள் நிறுவனங்கள் அந்த அட்டையைத் தந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2020-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் எடுத்துவிட்டது.

உள்ளூர்ச் செய்திச் சேனலில் எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவைக் காட்டினார்கள். என் மகள், அப்போது நான்கு வயது, கோலமாவைக் கையிலிருந்து விடத் தெரியாமல் மொத்தமாகக் கொட்டுகிறாள். பத்து விநாடி. பதிவு செய்தேன். அம்மா ஊரிலிருந்து வந்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் மதர்போர்டு போனது. வட்டு நன்றாக இருந்தது, புதுக் கணினியில் மாட்டினேன். கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் தெரிகிறது, திறக்கவில்லை. 'ஒருமுறை நகல்' என்று குறிவைத்த நிகழ்ச்சி பதிவு செய்த கணினியில் மட்டும்தான் ஓடுமாம். அம்மா சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

உறையூர்:

எடிசன் நண்பரே, அந்த வட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

லைன்மேன் ஐயா, வயர் தளரவில்லை. மஞ்சள் வயர் ஆடினால் பெரும்பாலும் படமே போகும். மெனுவில் செகாமை பி.ஏ.எல். ஆக்கிய அடுத்த நொடி நிறம் வந்தது. நீங்கள் சொன்ன எர்த் இரைச்சல் எங்கள் வீட்டிலும் இருந்தது, அதை இந்த வாரம் பார்க்கிறேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. 2018-இல் ஏகாதசி டிசம்பர் 18. முதல் நாளே லீவு போட்டு வந்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கே என்னை எழுப்பிவிட்டார். முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தேன். வாசல் திறந்து நம்பெருமாள் வெளியே வந்ததும் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கல்லெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு பாரு" என்றார்.