ஓகஸ்டில் குடும்பத்தோடு இலங்கைக்கு: மேற்குக் கரையா, கிழக்குக் கரையா?

கேள்வி (லண்டனிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை வைத்துப் பார்த்தால், நாங்கள் இலங்கைக்கு வரக்கூடிய காலம் ஓகஸ்ட் மாதம் ஒன்றுதான். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6 வயது. எழுபதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள மாமியாரும் எங்களோடு வருகிறார்.

பயண முகவர் ஒருவர் தந்த திட்டத்தின்படி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டைக்குப் போய், கடற்கரை விடுதியில் ஐந்து இரவுகள் தங்கிவிட்டு, பிறகு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போக வேண்டும். அது தென்மேற்குப் பருவமழைக் காலமாயிற்றே என்று கேட்டால், "வெப்ப நாடுதானே, மழை வந்து போகும்" என்று மட்டுமே சொல்கிறார். பிள்ளைகள் கடலில் இறங்கும் ஆசையோடு இருக்கிறார்கள். மாமியாருக்குத் திருகோணமலைக் கோயிலின் கோணேசுவரரை ஒருமுறை கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். பெந்தோட்டைத் திட்டத்தை ஏற்கலாமா, அல்லது எல்லாவற்றையும் மாற்றி அமைப்பது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (திருகோணமலையிலிருந்து)

வணக்கம் சகோதரி. அந்த ஐந்து இரவுகளையும் தயங்காமல் கிழக்குக் கரைக்கு மாற்றிவிடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, கடலிலிருந்து அள்ளி வரும் ஈரத்தை மேற்கிலும் தென்மேற்கிலும் கொட்டுகிறது. மிச்சத்தை, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையை உச்சியாகக் கொண்ட மலைநாட்டில் மோதி இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது அது ஈரமற்ற, சூடான காற்றாகிவிடும். மட்டக்களப்பில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். எங்களுக்கு மழைக்காலம் வாடைக்காற்றோடு கார்த்திகை, மார்கழியில்தான் வரும். எப்போதாவது மாலையில் இடியோடு ஒரு மழை பெய்யலாம். அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

பெந்தோட்டையிலும் நாள் முழுவதும் மழை கொட்டாது; மே, யூன் மாதங்களைவிட ஓகஸ்டில் அங்கே மழை குறைவுதான். முகவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அவர் கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! வானம் வெளுத்து வெயில் அடிக்கும் நாளிலும் அந்தக் கரையில் அலை அடங்குவதில்லை. கரையில் மோதிய நீர் ஒரு குறுகிய தடத்தில் விரைந்து கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைக்கு அதை எதிர்க்கும் வலு இராது. சிவப்புக் கொடி பறக்கும் கரையில் ஐந்து நாள் பிள்ளைகளைக் கட்டிக் காப்பது உங்களுக்கு விடுமுறையாக இருக்காது.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஓகஸ்ட் காலையில் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து சிறிது தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் அனுமதிச்சீட்டு எடுத்தே படகில் ஏற வேண்டும். காலை ஏழு, எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டமும் குறைவு, நீரும் தெளிவு. கண்ணாடி அணிந்து முகத்தை நீருக்குள் வைத்தாலே நிறம் நிறமான மீன்கள் தெரியும். துடுப்பு முனை கறுத்த சிறு சுறாக்களையும் காணலாம். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும், பிள்ளைகள் அஞ்ச வேண்டாம். கரை முழுவதும் உடைந்த பவளத் துண்டுகள் கிடப்பதால் வெறுங்காலோடு நடக்க முடியாது, ஆகவே ஆளுக்கொரு சோடி இறப்பர் சப்பாத்துக் கொண்டுவாருங்கள். உயிர்க்கவச அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். நீருக்குள் உயிரோடிருக்கும் பவளத்தின் மேல் எவரும் கால் வைக்காதபடி பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு காலடியில் முறிவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். மிதிபட்டு மிதிபட்டு அது அழிவதை இங்கே இருந்து பார்க்கிறவன் என்பதால் இதை வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் ஊருக்கு வர ஆறு மணி நேரம் வரை ஆகலாம். இரவு முழுதும் விமானத்தில் இருந்த முதியவருக்கு அது அதிகம். வழியிலுள்ள ஹபரணையில் இரண்டு இரவுகள் தங்கி வாருங்கள். பருவமழை எட்டாத அந்த வறண்ட மாதங்களில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி, வெளிப்படும் நிலத்தில் புல் முளைக்க, நூற்றுக்கணக்கில் யானைகள் அங்கே கூடும். சில நாட்களில் அவை அயலிலுள்ள கவுடுல்லைக்கு நகர்ந்துவிடும். அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று விடுதியில் விசாரித்துவிட்டு யீப் வண்டி பிடியுங்கள்.

மறுமொழி 2 (காலியிலிருந்து)

திருகோணமலை நண்பர் கடலைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் பருவமழைக் காலத்தில் தெற்கே வரவே கூடாது என்ற எண்ணம் பரவுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓகஸ்டில் இங்கே விடுதி வாடகை குறைவு, கூட்டமும் குறைவு. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காலிக் கோட்டையின் மதிலில், மழை விட்ட மாலை வேளையில் பிள்ளைகளோடு நடப்பது எந்தக் கடற்கரைக்கும் குறைந்ததல்ல. மழை வந்தால் ஒதுங்கக் கோட்டைக்குள்ளேயே எத்தனையோ இடங்கள் உண்டு. நாடு திரும்புமுன் இரண்டு இரவுகளை இங்கே வைத்துக்கொண்டால், கடலைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திமிங்கிலம் பார்க்க மட்டும் மிரிச பக்கம் போக வேண்டாம். அங்கே அதற்குரிய காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஓகஸ்டில் பார்க்க விரும்பினால் திருகோணமலைதான் சரி.

மறுமொழி 3 (கொழும்பிலிருந்து)

நானும் இரு பிள்ளைகளின் தாய் என்பதால், மற்றவர்கள் தொடாத சிலவற்றைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மேற்கு மாகாணத்தில் டெங்கு கூடும் வழக்கம் உண்டு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. எனவே காலையிலும் பிற்பகலிலும் கைகால்களில் நுளம்பு விரட்டி பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அஸ்பிரின், இபுபுரொஃபன் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். கிழக்கில் வெயில்தான் சோதனை. நண்பகலில் பிள்ளைகளை அறைக்குள் வைத்திருங்கள், இளநீரும் மருந்தகத்தில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியும் கைவசம் இருக்கட்டும்.

கண்டியில் எசல பெரஹரா ஊர்வலத்தின் நாட்கள் ஆண்டுதோறும் பௌர்ணமியை ஒட்டி மாறும். அந்த நாட்களில் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை பல மடங்கு. ஊர்வலம் பார்ப்பதென்றால் இப்போதே அறை பதிவுசெய்யுங்கள். இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். நுவரெலியாவில் ஓகஸ்டில் மூடுபனியும் தூறலும் இருக்கும், எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும். மாமியாரின் முழங்காலுக்கு அந்தக் குளிர் ஒத்துவராது என்று தோன்றினால், நான் நுவரெலியாவைத்தான் முதலில் வெட்டுவேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நுவரெலியாவையும் பெந்தோட்டையையும் எடுத்துவிட்டு, ஹபரணையில் இரண்டு இரவுகள், கிழக்கில் ஐந்து, பிறகு கண்டி என்று மாற்றிக் கேட்கப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். மகளுக்கு நீச்சல் தெரியாது; அவளுக்கு நிலாவெளியைவிட மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா பாதுகாப்பானதா? கோணேசுவரத்தில் மாமியார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?

மறுமொழி 1 (திருகோணமலையிலிருந்து)

நீச்சல் தெரியாத பிள்ளைக்குப் பாசிக்குடாவே மேல். ஆழமில்லாத குடா, நெடுந்தூரம் போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவு நீர்தான். ஆயினும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். ஐந்து இரவுகளில் மூன்றை நிலாவெளிக்கும் இரண்டைப் பாசிக்குடாவுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பொலன்னறுவை வழியாகக் கண்டிக்குப் போவது, திரும்ப எங்கள் ஊருக்கு வந்து போவதைவிட எளிது.

கோணேசுவரத்துக்கு வாகனம் இங்குள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து மேலே வரை போகும்; கடைசியில் சிறிது தூரம் மட்டும் ஏற்றத்தில் நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டியிருப்பதால், ஓகஸ்ட் வெயிலில் பத்து மணிக்குப் பிறகு தரை சுட்டுவிடும். காலையிலேயே வந்துவிடுங்கள். அன்றே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போகலாம், அங்கே நடை குறைவு. கோட்டைக்குள் புள்ளிமான்கள் தெருவிலேயே நிற்கும். மகளிடம் இருக்கும் பிஸ்கட் பொதியைக் கண்டால் கிட்ட வரும், கொடுக்க விடாதீர்கள்.