நகச் சொரியாசிஸ்: ஸ்டீராய்டுக்கும் கேட்கவில்லை, அவசரம்

குடமுருட்டிக்கரை: நகத்தில் சொரியாசிஸ். களிம்பு தடவியும் கேட்கவில்லை. சம்பா நடவு நெருங்குகிறது. இன்னும் வலுவான ஸ்டீராய்டு எது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வெண்ணாற்றுக்காரன்: கையா, காலா? யாருக்கு? என்ன களிம்பு, எங்கே தடவுகிறீர்கள்?

நாகை உப்புக்காற்று: சொரியாசிஸ் என்று முடிவு செய்தது யார்? சேற்றில் நிற்பவர்களுக்குப் பூஞ்சையும் வரும். நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்தார்களா? பூஞ்சை இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும்.

குடமுருட்டிக்கரை: கை. அம்மாவுக்கு. முழங்கையில் செதில் பல வருடமாக இருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த டியூபில் க்ளோபெட்டசால் என்று போட்டிருக்கிறது. ஆடியிலிருந்து நகத்தின் மேல் தடவுகிறார்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்: நான் எத்தனை முறை எழுதினாலும் இங்கே யாரும் படிப்பதில்லை. தடவும் ஸ்டீராய்டுகளில் மிக வலுவான வகையே க்ளோபெட்டசால்தான். அதற்கும் மேலே ஒன்று கேட்கிறீர்கள்! அதுவும் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. நகத்தின் மேல் பூசினால் உள்ளே இறங்காது. நகம் உருவாகும் வேர், அடிப்பக்கத் தோல் மடிப்புக்குக் கீழே இருக்கிறது. அங்கே தடவ வேண்டும். அதையும் மாதக்கணக்கில் இழுத்தால் தோல் மெலியும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். புது நகம் முழுதாக வர 6 மாதமாவது பொறுக்க வேண்டும். ஆடியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் என்ன மாற்றம் தெரியும்?

வெட்பாலை விரும்பி: சித்த மருத்துவத்தில் சொரியாசிஸுக்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். வெட்பாலைத் தைலம் இருக்கும்போது ஸ்டீராய்டு எதற்கு?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்: வந்துவிட்டார். எண்ணெய் நகத்துக்குள் எப்படிப் போகும் ஐயா?

வெட்பாலை விரும்பி: உங்கள் க்ளோபெட்டசால் மட்டும் போனதா?

கும்பகோணத்து அக்கா: சண்டையை நிறுத்துங்கள். தம்பி, என் கொழுந்தனாருக்கு நக மடிப்பில் ட்ரையாம்சினலோன் ஊசி போட்டார்கள். அதுவும் ஸ்டீராய்டுதான். வலி உயிர் போகும். விரலை மரக்கச் செய்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். நகத்தில் இருந்த குழியும் தடிப்பும் குறைந்தன. நகம் தூக்கிக்கொண்டிருந்தது மட்டும் அவ்வளவாகப் படியவில்லை.

குடமுருட்டிக்கரை: எங்கள் ஊரில் ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரையே கொடுக்கிறேன், உடனே அடங்கும் என்கிறார்.

வெண்ணாற்றுக்காரன்: வேண்டவே வேண்டாம். நிறுத்தும்போது சொரியாசிஸ் பொங்கி எழும். உடம்பெங்கும் சீழ்க்கொப்புளமாகக்கூட மாறலாம். இன்னொன்று: காலையில் அம்மாவுக்கு விரல்கள் விறைக்கின்றனவா? நுனி மூட்டு வீங்கியிருக்கிறதா?

குடமுருட்டிக்கரை: பிடித்துக்கொள்கிறது, வேலை பார்த்தால் விட்டுவிடும் என்பார். வயசு என்று நினைத்தோம்.

வெண்ணாற்றுக்காரன்: அப்படியானால் களிம்புப் பேச்சை விடுங்கள். நகத்தில் வந்தவர்களுக்கு மூட்டுவாதமும் சேர வாய்ப்பு அதிகம். விட்டால் மூட்டு அரிக்கும். மூட்டுவாதம்தான் என்றால் மெத்தோட்ரெக்சேட் போல உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டியிருக்கும், அதற்கு ரத்தப் பரிசோதனையும் தேவை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த நடவுக்கு அம்மா போக வேண்டாம். நகத்தில் அடிபட்டாலும் ஈரத்தில் ஊறினாலும் கூடும்.

நாகை உப்புக்காற்று: கையுறை போட்டுக்கொண்டு நடலாமே.

கும்பகோணத்து அக்கா: நீங்கள் நட்டிருக்கிறீர்களா? கையுறையோடு நாற்றைப் பிரித்து முதலில் காட்டுங்கள்.

நாகை உப்புக்காற்று: இப்போது யார் கையால் நடுகிறார்கள்? நாற்றைப் பாய்போல வளர்த்து இயந்திரத்தில் நடுகிறார்கள்.

கும்பகோணத்து அக்கா: அந்த இயந்திரம் வந்துதான் எங்கள் தெருப் பெண்களுக்குக் கூலி போனது.

குடமுருட்டிக்கரை: போய் வந்தோம். சொரியாசிஸ்தான், பூஞ்சை இல்லை. மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். டியூபை நிறுத்தச் சொன்னார்கள். நன்றி.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்: எக்ஸ்ரேயில் என்ன வந்தது? எழுதாமல் போய்விடுகிறார்கள்.

நாகை உப்புக்காற்று: அக்கா, பள்ளக்கால் வயலில் இயந்திரம் இறங்காதுதான். மேட்டு வயலுக்குச் சொன்னேன்.